அயர்லாந்தில் மூதாதையரைத் தேடுதல்: குடிமைப் பதிவேடுகளும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும்

அயர்லாந்துக் குடும்பம் ஒன்றின் வரலாற்றைத் தேடப் புறப்படுபவரிடம் எவரேனும் ஒருவர் "அங்கே எல்லா ஆவணங்களும் 1922இல் எரிந்துபோய்விட்டனவே" என்று சொல்லாமல் இருக்கமாட்டார். இது பாதி உண்மை. அந்த ஆண்டு ஜூன் இறுதியில், உள்நாட்டுப் போரின் தொடக்க நாள்களில், டப்ளின் நகரின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் பிரிட்டனுடன் செய்த 1921 ஒப்பந்தத்தை எதிர்த்த படையினர் தங்கியிருந்தபோது நடந்த தாக்குதலில், வளாகத்துக்குள்ளேயே இருந்த பொது ஆவணக் காப்பகம் ஜூன் 30 அன்று வெடித்துத் தீப்பற்றியது. ஏழு நூற்றாண்டுக் கால ஆவணங்கள் அங்கே சேர்த்துவைக்கப்பட்டிருந்தன. 1821, 1831, 1841, 1851 ஆகிய நான்கு கணக்கெடுப்புகளின் வீட்டுப் படிவங்கள் சில துண்டுகள் தவிர முழுவதும் அழிந்தன. ஆங்கிலிக்கன் பிரிவைச் சேர்ந்த அயர்லாந்துத் திருச்சபையின் பங்குப் பதிவேடுகளில் (பங்கு என்பது ஒரு கோயிலுக்கு உட்பட்ட பகுதி) பாதிக்கு மேலும், உயில்களில் பெரும்பகுதியும் அவற்றோடு போயின.

எரியாதவை எவை என்பதை அறிந்துகொண்டால் தேடல் எளிதாகும். பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசு பதிவு செய்த குடிமைப் பதிவேடுகள் அந்தக் கட்டடத்தில் இல்லாததால் தப்பின. கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேடுகள் அந்தந்தப் பங்குக் கோயிலிலேயே இருந்ததால் அவையும் தப்பின. 1901, 1911 கணக்கெடுப்புகளின் படிவங்கள் முப்பத்திரண்டு கவுண்டிகளுக்கும் (மாவட்டம் போன்ற பிரிவுகள்) முழுமையாகக் கிடைக்கின்றன. இடைப்பட்ட 1861, 1871, 1881, 1891 கணக்கெடுப்புகளின் படிவங்களும் இன்று இல்லை. ஆனால் அந்தப் பழியை நெருப்பின் மேல் போட முடியாது. முதல் இரண்டையும் புள்ளிவிவரம் எடுத்து முடித்ததும் அரசே அழித்துவிட்டது. பிந்தைய இரண்டும் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன. போரைவிட அலுவலகச் சிக்கனமே குடும்ப வரலாற்றுக்கு அதிகக் கேடு செய்திருக்கிறது என்று சில வேளைகளில் தோன்றும்.

ஆகவே தொடக்க நிலையில் உள்ளவருக்குக் கைகொடுப்பவை இரண்டு: 1864இலிருந்து தொடர்ச்சியாக ஓடும் குடிமைப் பதிவேடு, 1901இலும் 1911இலும் ஒரே இரவை நிறுத்திக் காட்டும் கணக்கெடுப்பு. இவ்விரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் படிப்பதே இந்தத் தேடலின் அடிப்படை.

முதலில் இடம், பிறகு பெயர்

பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் அயர்லாந்தில் எங்கும் போய்ச் சேர முடியாது. மர்ஃபி, கெல்லி, சல்லிவன் போன்ற குடும்பப் பெயர்களும் ஜான், பேட்ரிக், மேரி, பிரிஜெட் போன்ற முதற்பெயர்களும் அவ்வளவு பெருவாரியாகப் புழங்கியவை. ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது அவர் வாழ்ந்த இடந்தான். அந்த இடத்தின் மிகச் சிறிய அலகு டவுன்லாண்ட். பெயரில் டவுன் இருந்தாலும் அது நகரமன்று. பெரும்பாலும் சில வீடுகளும் வயல்களும் கொண்ட, சராசரியாக முந்நூறு ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான நிலப்பகுதி. நாடு முழுவதும் இவை 60,000க்கு மேல் உள்ளன. கில்மோர் போன்ற ஒரே பெயர் பல கவுண்டிகளில் திரும்பத் திரும்ப வருவதால், டவுன்லாண்டின் பெயரோடு அது எந்தப் பங்கில், எந்தக் கவுண்டியில் உள்ளது என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும்.

பங்கு என்று சொல்லும்போதும் ஒரு சிக்கல் உண்டு. நிலக் கணக்குக்கான குடிமைப் பங்கு ஒன்று. கத்தோலிக்கத் திருச்சபையின் பங்கு வேறொன்று. இரண்டின் எல்லைகளும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை, பெயர்கள்கூட மாறும். குடிமைப் பதிவேடோ இவை இரண்டையும் விட்டுவிட்டு, ஏழையர் நிவாரணத்துக்காக ஏற்படுத்தப்பட்ட புவர் லா யூனியன் என்ற பிரிவைப் பின்பற்றுகிறது. ஒவ்வொரு யூனியனும் ஒரு சந்தை நகரை மையமாகக் கொண்டு அமைந்தது. கவுண்டி எல்லையை அது பொருட்படுத்தவில்லை. இதனால் ஒரு கவுண்டியில் பிறந்த குழந்தை பக்கத்துக் கவுண்டியின் நகரப் பெயரில் பதிவாகியிருப்பது சாதாரணம். தேடுபவர் தவறான ஊர் என்று ஒதுக்கிவிடும் பதிவு பல வேளைகளில் சரியான பதிவாகவே இருக்கும். விடுதலையை ஒட்டி மாறிய பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது: பழைய ஆவணங்களில் குயின்ஸ்டவுன் என்று இருப்பது இன்றைய கோவ் துறைமுகம், கிங்ஸ் கவுண்டி இன்றைய ஆஃபலி, குயின்ஸ் கவுண்டி இன்றைய லீஷ்.

குடிமைப் பதிவேடு

அயர்லாந்தில் அரசுப் பதிவு இரண்டு கட்டமாக வந்தது. கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணங்கள் 1845 ஏப்ரல் 1 முதல் பதிவாயின. எல்லாச் சமயத்தவரின் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவை 1864 ஜனவரி 1 முதல் பதிவாயின. மக்களில் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர் என்பதால், பெரும்பாலான குடும்பங்களுக்கு 1864தான் வாசல். உள்ளூர்ப் பதிவாளராகப் பெரும்பாலும் இருந்தவர் அப்பகுதியின் அரசு மருந்தகத்து மருத்துவர். பிறப்பையோ இறப்பையோ தெரிவிக்க வேண்டியது குடும்பத்தாரின் பொறுப்பு. அவர்களுக்கோ திருமுழுக்கு (ஞானஸ்நானம்) முக்கியமாகத் தோன்றியதுபோல அரசுப் பதிவு தோன்றவில்லை. ஆகவே தொடக்க ஆண்டுகளில் பதிவாகாமலே போன குழந்தைகள் பலர்.

பிறப்புப் பதிவில் பிறந்த நாள், இடம், குழந்தையின் பெயர், தந்தையின் பெயரும் வசிப்பிடமும் தொழிலும், தாயின் பெயரும் மணத்துக்கு முந்தைய அவரது குடும்பப் பெயரும், தகவல் தந்தவர் யார் என்பதும் இருக்கும். தாயின் பிறந்தவீட்டுப் பெயர்தான் இதில் பொன் போன்றது. ஒரே பகுதியில் ஒரே பெயருள்ள இரண்டு தந்தையர் இருந்தால் அவர்களுடைய பிள்ளைகளைப் பிரித்துத் தருவது அதுவே. தகவல் தந்தவரின் பெயரையும் கடந்துபோய்விடக் கூடாது. பேறுகாலத்தில் உடனிருந்தவர் என்று குறிப்பிடப்படும் பெண், பாட்டியாகவோ அத்தையாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். கையெழுத்துக்குப் பதிலாக அவரது அடையாளக் கீறல் என்று குறிக்கப்பட்டிருந்தால், எழுதத் தெரியாத அவர் வாயால் சொன்னதைப் பதிவாளர் காதில் விழுந்தபடி எழுதினார் என்று பொருள். பெயரின் எழுத்துகள் ஏன் அவ்வளவு மாறுபடுகின்றன என்பதற்கு அதுவே காரணம்.

பிறந்த நாளை நம்புவதில் நிதானம் வேண்டும். குறிப்பிட்ட கெடுவுக்குள் பதியாவிட்டால் அபராதம் கட்ட நேரிடும் என்பதால், தாமதமாக வந்த பெற்றோர் உண்மையான பிறந்த நாளுக்குச் சற்றுப் பிந்திய நாளைச் சொன்னார்கள். விளைவு வேடிக்கையானது: பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே திருமுழுக்குப் பெற்ற குழந்தைகள் அயர்லாந்துப் பதிவேடுகளில் ஏராளம். இப்படிப்பட்ட முரண் கண்ணில் பட்டால் கோயில் பதிவேட்டின் பக்கம் நிற்பதே முறை. குருவானவருக்கு நாளை மாற்றி எழுதத் தேவை எதுவும் இல்லை.

அலுவலகப் பிழைக்கு எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் பிறப்புப் பதிவு நல்ல எடுத்துக்காட்டு. 1882 பிப்ரவரி 2 அன்று டப்ளினின் ராத்கார் பகுதியில் பிறந்த அவருடைய நடுப்பெயர் அகஸ்டின் என்று இருக்க வேண்டியது, பதிவேட்டில் அகஸ்டா என்று பெண்பெயராக ஏறிவிட்டது. படித்த, நகரத்துக் குடும்பத்துக்கே இது நேர்ந்தது என்றால், மேற்குக் கரையின் ஐரிஷ் பேசும் உழவர் ஒருவர் ஆங்கிலம் பேசும் பதிவாளர் முன் நின்று சொன்ன பெயர் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

திருமணப் பதிவுதான் ஒரு தலைமுறையிலிருந்து மேலே ஏறுவதற்கான படி. மணமக்களின் பெயர், வயது, மண நிலை, தொழில், அப்போதைய வசிப்பிடம் ஆகியவற்றோடு இருவருடைய தந்தையரின் பெயரும் தொழிலும் அதில் இருக்கும். 1864க்குப் பிறகு நடந்த ஒரு திருமணம், 1864க்கு முன் வாழ்ந்த இரண்டு ஆண்களை நமக்குக் கையில் தருகிறது. தாய்மார்களின் பெயர் அந்தக் காலப் படிவத்தில் கேட்கப்படவே இல்லை என்பது பெரிய குறை. வயது என்ற கட்டத்தில் முழு வயது என்று மட்டும் எழுதியிருந்தால், இருபத்தொன்றோ அதற்கு மேலோ என்பதற்கு மேல் எதுவும் கொள்ளக் கூடாது. இருபத்தொன்று என்று திட்டமாக எழுதியிருந்தாலும் அதே ஐயம் நல்லது. திருமணம் பெரும்பாலும் மணமகளின் பங்கில் நடக்கும் என்பதால், மணமகனின் ஊரில் கிடைக்காத பதிவை மணமகளின் ஊரில் தேட வேண்டும். சாட்சிகள் இருவரும் பல வேளைகளில் உடன்பிறந்தவர்களாகவே இருப்பார்கள்.

இறப்புப் பதிவு இவற்றில் மிகவும் ஏமாற்றம் தருவது. இறந்தவரின் பெற்றோர் பெயர் அதில் இல்லை. வயது, தகவல் தந்தவரின் ஊகம். தொழில், மண நிலை, இறப்பின் காரணம், நோயுற்றிருந்த காலம் ஆகியவை உண்டு. தைசிஸ் என்று காரணம் எழுதப்பட்டிருந்தால் அது காசநோய். அந்தக் காலப் பதிவேட்டின் பக்கங்களில் அச்சொல் மீண்டும் மீண்டும் வரும். மருத்துவர் எவரும் பார்க்கவில்லை, சான்றளிக்கப்படவில்லை என்ற குறிப்பும் ஏழைக் குடும்பங்களில் அடிக்கடி வரும். இங்கும் தகவல் தந்தவரே நமக்கு உதவுகிறார்: இறக்கும்போது உடனிருந்த மகள் திருமணமானவராக இருந்தால், அவருடைய புதிய குடும்பப் பெயர் அங்கே தெரிந்துவிடும்.

இந்தப் பதிவேடுகளின் பக்கங்களை அயர்லாந்து அரசு நடத்தும் ஐரிஷ் ஜீனியாலஜி இணையதளத்தில் கட்டணமின்றிப் படமாகவே பார்க்கலாம். பிறப்புக்கு நூறு ஆண்டு, திருமணத்துக்கு எழுபத்தைந்து, இறப்புக்கு ஐம்பது ஆண்டு கடந்தவை மட்டுமே அங்கே திறக்கப்படும். நாடு பிரிந்த பிறகு வடக்கு அயர்லாந்தின் ஆறு கவுண்டிகளுக்கான பதிவுகள் பெல்ஃபாஸ்டில் உள்ள தனி அலுவலகத்தின் பொறுப்பு. அங்கே இணையத்தில் பார்க்கச் சிறு கட்டணம் உண்டு. அட்டவணையில் கிடைக்கும் தட்டச்சு வரியோடு நின்றுவிடாமல் மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து பார்ப்பது கட்டாயம். டவுன்லாண்டின் பெயரும் தகவல் தந்தவரும் படத்தில்தான் இருப்பார்கள்.

1901, 1911: இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

1901 மார்ச் 31 இரவும் 1911 ஏப்ரல் 2 இரவும் அந்தந்த வீட்டில் தங்கியிருந்த ஒவ்வொருவரையும் எழுதவேண்டும் என்பது கணக்கெடுப்பின் விதி. படிவங்களை வீடுவீடாகக் கொடுத்துத் திரும்ப வாங்கியவர்கள் ராயல் ஐரிஷ் கான்ஸ்டாபுலரி என்ற காவல் படையினர். டப்ளினில் மாநகரக் காவலர்கள். இங்கிலாந்தின் பழைய கணக்கெடுப்புகளில் எஞ்சியிருப்பது கணக்கெடுப்பாளர் படியெடுத்த ஏடு. அயர்லாந்திலோ குடும்பத் தலைவர் கையெழுத்திட்ட அதே தாள் நமக்குக் கிடைக்கிறது. எழுதத் தெரியாத வீடுகளில் காவலரே எழுதிக்கொடுத்தார். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் யார் எழுதியது என்பது விளங்கிவிடும்.

வீட்டுப் படிவமான ஏ படிவத்தில் பெயர், குடும்பத் தலைவருக்கு உறவு, சமயம், எழுத்தறிவு, வயது, தொழில், மண நிலை, பிறந்த இடம், ஐரிஷ் மொழியறிவு, உடற்குறை ஆகியவை உண்டு. பிறந்த இடம் என்ற கட்டத்தில் அயர்லாந்துக்குள் என்றால் கவுண்டியின் பெயர் மட்டுமே கேட்கப்பட்டது. ஊரைத் தேடுபவருக்கு இது ஒரு முட்டுக்கட்டை. 1911 படிவத்தில் மணமான பெண்களுக்காக மூன்று கட்டங்கள் கூடின: மணமாகி எத்தனை ஆண்டு, உயிருடன் பிறந்த குழந்தைகள் எத்தனை, இன்று உயிரோடிருப்பவர் எத்தனை. இந்த மூன்று எண்களையும் குடிமைப் பதிவேட்டோடு சேர்த்துப் பார்த்தால் குடும்பத்தின் உருவம் முழுமையாகத் தெரியும். பதினோரு பிறப்பு, ஏழு பேர் உயிருடன் என்று ஒரு தாய் சொல்லியிருக்க, பிறப்புப் பதிவேட்டில் எட்டுப் பேரைத்தான் கண்டுபிடித்திருக்கிறோம் என்றால், இன்னும் மூவரைத் தேட வேண்டும் என்பது உறுதி. விதவைகள் இக்கட்டங்களை நிரப்ப வேண்டியதில்லை. ஆயினும் பலர் நிரப்பினார்கள். அதிகாரி பின்னர் ஒரு கோடு போட்டு அடித்தார். அடித்தலுக்குக் கீழே எண்கள் தெளிவாகத் தெரிவது நம் நல்வாய்ப்பு.

பலர் ஏ படிவத்தைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். அதே டவுன்லாண்டுக்காகக் காவலர் நிரப்பிய பி1 படிவம் ஒவ்வொரு வீட்டின் சுவர் எதனால் ஆனது, கூரை ஓலையா ஓடா, எத்தனை அறை, முகப்பில் எத்தனை சன்னல் என்று சொல்கிறது. நில உரிமையாளரின் பெயரும் அதில் உண்டு. பி2 படிவம் மாட்டுத்தொழுவம், பன்றிக்கொட்டில், கோழிக்கூடு என்று வெளிக்கட்டடங்களை எண்ணுகிறது. ஒரு குடும்பம் எவ்வளவு வசதியாக வாழ்ந்தது என்பதை அறிய இவற்றைவிட நேரான சான்று வேறு இல்லை. டவுன்லாண்டின் மற்ற வீடுகளையும் வரிசையாகப் படிப்பது பயன் தரும். அதே குடும்பப் பெயரில் அடுத்த வீட்டில் இருக்கும் முதியவர் சித்தப்பாவோ பெரியப்பாவோ என்று பிறகு தெரியவரலாம்.

இனி வயது. 1901இல் 53 என்று எழுதப்பட்ட பெண் 1911இல் 70 என்று எழுதப்பட்டிருப்பதைக் கண்டு, இவர் வேறொருவர் என்று முடிவு கட்டக் கூடாது. இடையில் நடந்தது முதியோர் ஓய்வூதியச் சட்டம். 1908இல் இயற்றப்பட்டு 1909 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், எழுபது வயதைக் கடந்த ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை தந்தது. மேற்குக் கவுண்டிகளின் சிறு குடியானவர் வீட்டில் அது பெரிய பணம். அப்போது எழுபது வயதானவர் 1839ஐ ஒட்டிப் பிறந்திருக்க வேண்டும். 1864க்கு முன் பிறந்த எவருக்கும் அரசுப் பிறப்புச் சான்று இல்லை. பலருக்கு உண்மையிலேயே தம் வயது தெரியாது. தெரிந்தவர்களும் மறந்துபோவதில் ஆதாயம் இருந்தது. பத்து ஆண்டில் பதினேழு வயது கூடுவது அயர்லாந்து ஆய்வாளர்களுக்கு அன்றாடக் காட்சி. பொதுவாக 1901இன் வயது உண்மைக்குச் சற்று அருகில் இருக்கும், அதுவும் பத்தின் மடங்கில் முடிந்தால் ஐயத்துக்கு உரியதே.

இதே ஓய்வூதியம் நமக்கு எதிர்பாராத ஒரு நன்மையும் செய்தது. வயதுக்குச் சான்று வேண்டி, விண்ணப்பதாரர் சிறு பிள்ளையாக இருந்தபோது எடுக்கப்பட்ட 1841, 1851 கணக்கெடுப்புகளில் அவர் பெயரைத் தேடச் சொன்னார்கள். அந்தப் படிவங்கள் அப்போது டப்ளின் காப்பகத்தில் முழுமையாக இருந்தன. பெற்றோர் பெயரையும் டவுன்லாண்டையும் குறித்து அனுப்பப்பட்ட விண்ணப்பங்களும், அலுவலர் தேடிக் கண்டெடுத்த விவரக் குறிப்புகளும் தனிக் கோப்புகளாகப் பாதுகாக்கப்பட்டன. மூலம் 1922இல் எரிந்த பின்னும் இந்தக் குறிப்புகள் எஞ்சின. தம் குடும்பத்து முதியவர் ஒருவர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்திருந்தால், 1840களின் பெரும்பஞ்சத்துக்கு முந்தைய வீடு ஒன்றின் உறுப்பினர் பட்டியல் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பக்கத்தில் இலவசமாகக் கிடைத்துவிடக்கூடும்.

1921இல் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்ததால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அடுத்தது 1926 ஏப்ரல் 18 அன்று, சுதந்திர அயர்லாந்து அரசு எடுத்த முதற்கணக்கெடுப்பு. நூறாண்டு விதிப்படி அது 2026 ஏப்ரலில் திறப்புக்கு உரியதாகிறது. வடக்கு அயர்லாந்திலும் அதே ஆண்டு கணக்கெடுப்பு நடந்தது என்றாலும் அதன் படிவங்கள் எஞ்சவில்லை.

பெயர்கள், முரண்கள், 1864க்கு அப்பால்

தேடும்போது பெயரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. ஓ, மக் என்ற முன்னொட்டுகள் முன்பே உதிர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பல குடும்பங்களில் திரும்பி வந்தன. ஆகவே சல்லிவனையும் ஓ'சல்லிவனையும் தனித்தனியே தேட வேண்டும். பிரிஜெட் என்பவரே டீலியா, பிடி, பிரைடி என்றும் வருவார். ஹொனோரா என்பவர் நோரா, ஹன்னா என்றும் வருவார். 1911இல் மொழிப்பற்றுள்ள சிலர் படிவத்தை ஐரிஷிலேயே நிரப்பினார்கள். அவ்வீடுகளை ஆங்கிலப் பெயரால் தேடினால் அகப்படா. முதல் மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், இரண்டாம் மகனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர் என்ற வழக்கம் பரவலாக இருந்தது. பேரனுக்குத் தாத்தா பெயரிடும் பழக்கம் நமக்குப் புதிதன்று என்பதால், இதைத் துப்பாகப் பயன்படுத்தத் தமிழ் வாசகருக்குத் தனிப் பயிற்சி தேவைப்படாது. ஆனால் துப்பு வேறு, சான்று வேறு.

ஒரு முடிவை ஏற்பதற்கு முன் குறைந்தது இரண்டு தனித்தனி ஆவணங்கள் ஒத்துப்போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வயது ஒத்துப்போவதைவிட, டவுன்லாண்ட், தாயின் பிறந்தவீட்டுப் பெயர், தந்தையின் தொழில் ஆகியவை ஒத்துப்போவது வலுவானது. இணையத்தில் பிறர் ஏற்றிவைத்த வம்ச மரங்களை ஒட்டிக்கொள்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒருவரின் ஊகம் அங்கே பத்துப் பேரின் உண்மையாகிவிடுகிறது.

1864க்கு அப்பால் செல்லக் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளே முதல் துணை. ஏறத்தாழ 1880 வரையிலான அவற்றின் படங்களை அயர்லாந்துத் தேசிய நூலகம் 2015இல் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. திருமுழுக்குப் பதிவில் பெற்றோர் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும். எழுத்து மங்கியும் லத்தீன் கலந்தும் இருப்பதால் பொறுமை வேண்டும். மேற்குப் பங்குகள் பலவற்றில் பதிவேடே தாமதமாகத்தான் தொடங்குகிறது. நிலத்தையும் குத்தகையையும் அறிய, ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் 1847 முதல் 1864 வரை நடந்த மதிப்பீட்டுப் பட்டியலும், அதற்கு முந்தைய திருச்சபை வரிக்கான டைத் புத்தகங்களும் உள்ளன. இவற்றில் வீட்டுத் தலைவரின் பெயர் மட்டுமே வரும். மனைவி மக்கள் வரமாட்டார்கள். தொலைந்த கணக்கெடுப்புகளுக்கு இவை மாற்று என்று சொல்வது வழக்கம். அரைகுறை மாற்று என்பதே சரி.

சென்னையின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் சிலவற்றுக்கு இந்தத் தேடல் நேரடியாகவே பொருந்தும். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியப் படைகளிலும் பின்னர் பிரிட்டிஷ் படைகளிலும் அயர்லாந்துக்காரர் பெருந்தொகையாக இருந்தார்கள். அவர்கள் மெட்ராஸ் மாகாணத்தில் பெற்ற திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் என்/2 என்ற வரிசையில் உள்ளன. ஆனால் கத்தோலிக்கர்களின் பதிவுகள் அவ்வரிசையில் முழுமையாக இல்லை என்பதால், உரிய பங்குக் கோயிலின் ஏட்டையும் கேட்டுப் பார்க்க வேண்டும். அயர்லாந்துக்குள் நுழைவதற்கான ஊர்ப்பெயர் பெரும்பாலும் இவற்றில் இராது. படைவீரரின் சேர்க்கைத் தாளிலோ ஓய்வூதியத் தாளிலோ அவர் பிறந்த பங்கும் அருகிலுள்ள நகரும் குறிக்கப்பட்டிருக்கும். அந்த ஒரு வரி கிடைக்கும்வரை டப்ளின் பதிவேடுகளைத் திறப்பதில் பயனில்லை.